ஊமையாகிப் போன ஆட்டு மணி

மனித மூளைக்குக் கரண்டு கனெக்‌ஷன் கொடுத்த மின்வாரிய ஊழியன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். அதுவும் ஓய்வு பெற்ற பிறகு, கம்பத்தில் ஏறாமல், மின்தடை அறிவிப்புகூட இல்லாமல், ஒரே ஒரு கட்டை விரலால் கொடுத்தேன். சாட்சிக்கு ஒரு வெள்ளாடு இருக்கிறது. திண்டுக்கல்லில் இதைக் கேட்டுச் சிரிக்காத டீக்கடை பாக்கியில்லை. சிரிக்கிறவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கடைசிவரை "அப்படி ஒண்ணும் நடக்கல" என்று சாதித்தவர் ஒரே ஒருவர்தான். அந்த மூளையின் சொந்தக்காரர்.

என் துப்பறியும் அலுவலகம் நாகல் நகரில் தாஹிராவின் ஆட்டோ. முன் சீட்டில் அவள், பின் சீட்டில் நான். பாண்டியராஜ், முன்னாள் லைன் இன்ஸ்பெக்டர். வயர் எங்கே அறுந்தது என்று காலமெல்லாம் தேடியவனுக்கு, மனுஷன் எங்கே அறுந்தான் என்று தேடுவதா பெரிய வேலை? தாஹிரா இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். "அண்ணே, நீங்க தேடினப்ப ஊரே இருட்டுல கிடந்துச்சு" என்பாள்.

அன்று காலை அந்த அலுவலகத்தில் ஏறி உட்கார்ந்தவள் ஹரிணி. ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"சார், எங்கப்பா திருடல."

"திருடினார்னு யாரும்மா சொன்னது?"

"அவரு கை."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாஹிரா, சவாரி கேட்டு வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினாள். கேஸ் சூடாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஹரிணியின் அப்பா முத்துக்கிருஷ்ணன், நத்தம் ரோட்டில் மாங்குளத்துப்பட்டி அம்மன் கோயில் தர்மகர்த்தா. அம்மன் முகத்தில் கண்ணாகச் சாத்துகிற வெள்ளிக் கண்மலர் காணாமல் போய்விட்டது. சாமான் அறைக்குச் சாவி இரண்டு பேரிடம். ஒன்று முத்துக்கிருஷ்ணனிடம். இன்னொன்று அவர் மனைவியின் தம்பி மோகன்குமாரிடம். மைக் செட் போடுகிறவன், கோயில் விசேஷம் என்றால் தன் பெட்டிகளையும் அதே அறையில் வைப்பான். இரண்டு பேரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று ஊர் சொன்னது. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அமர்த்த வேண்டும். கை நடுங்கினால் பொய், நடுங்காவிட்டால் மெய். வக்கீல் வேண்டாம், வாய்தா வேண்டாம்.

முதலில் தர்மகர்த்தா. கழுத்தில் மாலை போட்டார்கள். அவர் கையை நீட்டினார். கை ஆடிய ஆட்டத்தில் தட்டு பறந்து, கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி, பூசாரியின் மொட்டைத் தலையில் போய் உட்கார்ந்து, அங்கேயும் சூடம் அணையாமல் எரிந்ததாக நான் மற்றவர்களுக்குச் சொல்வது வழக்கம்.

"தட்டு கீழ விழுந்துச்சு சார். அம்புட்டுதான்" என்றாள் ஹரிணி. "அதோட ஊரு எந்திரிச்சுப் போயிருச்சு. மாமா சத்தியம் பண்ணவே வேண்டி வரல. இன்னைக்குப் பொழுது சாய ஊர்க்கூட்டம். இனிமே எங்கப்பாகிட்ட கோயில் வரி வாங்குறதில்லன்னு முடிவு பண்ணப் போறாங்க."

வரி வாங்கவில்லை என்றால் மிச்சம்தானே என்று டவுன்காரர்கள் நினைக்கலாம். வரி வாங்காத வீட்டுக்கு நல்லதுக்கும் யாரும் வரமாட்டார்கள், கெட்டதுக்கும் வரமாட்டார்கள். ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு ஊர் இல்லாதவராகிவிடுவார்.

"அவரு கை ஆடவே கூடாது சார். அதான் விஷயமே" என்று ஹரிணி குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவுக்கு நடுக்குவாதம். காப்பி டம்ளரைப் பிடிக்க முடியாது, சட்டைப் பொத்தான் போட முடியாது. மதுரையில ஆபரேஷன் பண்ணினோம். மூளைக்குள்ள மெல்லிசா ஒரு கம்பி. அது தோலுக்கு அடியில, காதுக்குப் பின்னாடியா இறங்கி, இந்தக் காரை எலும்புக்குக் கீழ ஒரு சின்னப் பெட்டியில சேரும். பெட்டி கரண்டு அனுப்பிக்கிட்டே இருக்கும். இருக்குற வரைக்கும் கை கல்லு மாதிரி நிக்கும்."

எனக்குப் புல்லரித்தது. "அட, இது சர்வீஸ் வயர், அது மீட்டர் பெட்டி, கை லோடு. நான் போடாத லைனா?"

"அண்ணே, அது மூளை. நீங்க அதிகம் புழங்காத ஏரியா" என்றாள் தாஹிரா.

"ஊருக்கு இது தெரியுமாம்மா?"

"இருதயத்துக்கு மிஷின் வச்சிருக்குன்னு சொல்லிருக்கோம். மண்டையைத் திறந்ததுன்னு தெரிஞ்சா என்னைப் பொண்ணு கேட்டு ஒருத்தனும் வரமாட்டான்னு அம்மாவுக்குப் பயம். தலையில மொட்டை அடிச்சது பழனிக்குன்னு சொல்லிட்டோம். மாமாவுக்குக்கூடத் தெரியாது. எங்க மூணு பேரோட சரி."

"கை நடுக்கம் நின்னதுக்கு என்ன சொன்னீங்க?"

"அம்மன் நிப்பாட்டுச்சுன்னு அவங்களாப் பேசிக்கிட்டாங்க. நாங்க மறுக்கல."

தாஹிரா ஆட்டோவைக் கிளப்பினாள். "டாக்டர் செஞ்சதை சாமி பேர்ல எழுதிட்டீங்க. இப்ப பொய்ச் சத்தியம்னு சாமி திருப்பி வாங்கிக்கிருச்சுன்னு ஊரு சொல்லுது. சரியாத்தான சொல்லுது?"

"மொதல்ல வீட்டுக்குப் போங்க" என்றாள் ஹரிணி.

*

தாஹிரா ஓட்டினால் நத்தம் ரோட்டுப் புளியமரங்கள் ஒதுங்கி வழிவிடும். நாங்கள் போய் இறங்கியபோது முத்துக்கிருஷ்ணன் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். வலது கை தானாக மாவு சலித்துக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தில் சுவரிலிருந்த காலண்டர் அடுத்த மாதத்துக்குப் போய்விடும்போல இருந்தது. பக்கத்தில் மனைவி மணிமேகலை ரசஞ்சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். தொட்டுக்கொள்ள வாழைக்காய் வெஞ்சனம்.

"ஒண்ணும் நடக்கல சார்" என்றார் முத்துக்கிருஷ்ணன், நான் கேட்பதற்கு முன்பே. "பேட்டரி போயிருச்சு. அவ்வளவுதான்."

"போன மாசம்தானப்பா பார்த்தாங்க. அஞ்சாறு வருஷம் வரும்னு சொன்னாங்கல்ல" என்றாள் ஹரிணி. "அந்தப் பெட்டியோட ரிமோட்டைக் குடுங்க. அமுக்கிப் பார்த்தா தெரிஞ்சிரும்."

அவருடைய இடது கை சட்டென்று மடியைப் பொத்தியது. ரிமோட்டை வேட்டி மடிப்பில் சுருட்டி வைத்திருந்தார். எந்தத் திருடனும் கேட்டு வராத பொருளை இப்படிக் காவல் காத்தவரை நான் பார்த்ததில்லை.

"விடுடி. மனுசன் சாப்பிடட்டும்" என்றார் மணிமேகலை. எங்களைப் பார்த்து, "செத்த நேரம் இருங்கண்ணே, காப்பி போடுறேன்" என்றார்.

அடுத்த உருண்டை வந்தது. முத்துக்கிருஷ்ணன் வாயைத் திறந்தார். கண் மட்டும் காலண்டர் மேலேயே இருந்தது. ஊட்டுகிற கையை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் தாஹிரா கேட்டாள்: "அண்ணே, ரிமோட்டை அமுக்கினா கை நிக்கும். நல்லதுதான. ஏன் வேணாங்குறாரு?"

"கை நின்னா, பேட்டரி நல்லாயிருக்குன்னு அர்த்தம். பேட்டரி நல்லாயிருந்தா, அன்னைக்கு யாரோ அணைச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

"அது யாருன்னு தெரிய வேண்டாமா அவருக்கு?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

*

கோயில் வாசலில் ஊர்ப் பெரியவர் அழகர்சாமி இருந்தார். அவருடைய மீசையின் ஒரு முனை திண்டுக்கல்லிலும் மறுமுனை நத்தத்திலும் இருக்கும். காலடியில் ஒரு வெள்ளாடு, காய்ந்த மாலை ஒன்றின் நாரை மென்றுகொண்டிருந்தது.

"மாலை எங்கேயிருந்து வந்துச்சுங்க?"

"தர்மகர்த்தா வீட்டு மாலைதான். அவரு மச்சினன் மோகன் திண்டுக்கல்லு பூ மார்க்கெட்டுக்குப் போயி வாங்கியாந்து வீட்டுல குடுத்தான். நாந்தான் கழுத்துல போட்டேன். போட்டுச் செத்த நேரத்துல ஆட்டம் ஆரம்பிச்சிருச்சு. ஆத்தா சும்மா விடுவாளா அப்பு? இந்தா, என் ஆட்டு மணிகூட அன்னையிலேர்ந்து ஊமை. ஊரே பார்த்துப் பதறிக் கிடக்கு."

ஆடு தலையை ஆட்டியது. கழுத்து மணியும் ஆடியது. சத்தம் இல்லை.

தாஹிரா என்னைப் பார்த்தாள். நான் ஆட்டின் முன்னால் குந்தினேன். ஆடு என்னை முட்டியதில் நான் கோயில் கோபுரத்தின் இரண்டாம் நிலைவரை போய்த் திரும்பினேன். திரும்பியதும் மணியைப் பிடித்துக்கொண்டேன். வெண்கல மணி. அதன் வெளிப்பக்கம், செவ்வந்தி நிறத்தில் கொட்டைப்பாக்கு அளவு ஒரு துணி முடிச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. வெண்கலத்தில் எதுவும் ஒட்டாது. மணிக்குள் விரலை விட்டேன். இரும்பு நாக்கு, முடிச்சு இருந்த பக்கமாகப் போய் அப்பிக்கொண்டிருந்தது.

முடிச்சைப் பிடுங்கினேன். ஆடு ஒரு துள்ளுத் துள்ளியது. கணீரென்று மணி அடித்தது. அழகர்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"காந்தம்" என்றேன் தாஹிராவிடம், தள்ளி வந்து. "மாலைக்குள்ள வச்சுக் கட்டியிருக்கு. பூவை ஆடு தின்னுருச்சு. காந்தம் மணியில ஒட்டிக்கிச்சு. ஹரிணிக்குப் போன் போடு. அந்தப் பெட்டிக்கு ஆகாதது என்னென்னன்னு கேளு."

தாஹிரா பேசிவிட்டு வந்தாள். "வெல்டிங் பக்கம் போகக் கூடாதாம். காந்தத்தைப் பெட்டிகிட்டக் கொண்டு போகவே கூடாதாம். கொண்டு போனா நின்னுருமாம். அப்புறம் ரிமோட்ல போட்டாத்தான் உண்டு. ஆபரேஷன் முடிஞ்சதும் டாக்டரு உட்கார வச்சுச் சொல்லிருக்காரு." அவள் துணி முடிச்சைக் கையில் வாங்கி உருட்டினாள். "இது ஸ்பீக்கர் காந்தம்ண்ணே. எங்க அத்தா ரேடியோ ரிப்பேர் பார்த்தவரு. மோகன்குமாரு மைக் செட்டு. கேஸ் முடிஞ்சிருச்சு, டீ சொல்லட்டா?"

*

மோகன்குமாரின் கடை கோயிலுக்குப் பின் தெருவில். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரிலேயே வந்து தொழில் தொடங்கியவன். ஸ்பீக்கர் பெட்டிகள் சுவரோரம் வரிசையாக நின்றன. ஆள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தான்.

"தம்பி, என் பேத்திக்குக் காதுகுத்து. எல்லாப் பெட்டியும் வேணும். ஒரு டெஸ்ட் போடு பார்ப்போம்" என்றேன். எனக்குப் பேத்தி கிடையாது. தாஹிரா மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஹலோ, மைக் டெஸ்டிங். பொதுமக்கள் கவனத்திற்கு. காதுகுத்து வைபவத்தில் பாண்டியராஜ் அண்ணன் பாட மாட்டார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

நத்தத்தில் மாங்காய்கள் உதிர்ந்தன. ஆனால் மூலையிலிருந்த பெட்டி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"ஊமை மணி. இப்ப ஊமைப் பெட்டி" என்றேன்.

"அது ரிப்பேருங்க சார்."

"ரிப்பேர் பெட்டிக்கு எதுக்குப்பா புது ஸ்க்ரூ?" என்றாள் தாஹிரா. அவள் கையில் ஆட்டோ டூல்கிட் ஸ்க்ரூடிரைவர் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. மோகன்குமார் ஒரு எட்டு முன்னால் வைத்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பெட்டிக்குள், காந்தம் இருக்க வேண்டிய இடத்தில், மஞ்சள் துணி சுற்றிய வெள்ளிக் கண்மலர் எங்களைப் பார்த்தது.

"அடகு வைக்கத்தான் எடுத்தேன். திருவிழாவுக்குள்ள திருப்பி வச்சிரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள தேட ஆரம்பிச்சிட்டாங்க" என்று முணுமுணுத்தான்.

"கழட்டின காந்தத்தை மாலைக்குள்ள வச்சு மச்சானைக் கவுத்துட்ட."

"எந்த மாலை?" அவன் விழித்தான். நான் துணி முடிச்சைக் காட்டினேன். அவன் முகம் வெளுத்தது. "காந்தத்தைப் போயி மச்சான் நெஞ்சுலயா? சார், அவருக்கு இருதயத்துக்கு மிஷின் வச்சிருக்கு. காந்தம் பட்டா ஆளு அங்கனயே விழுந்துருவாரு. நான் திருடன்தான் சார். எங்கக்கா தாலியை அறுக்குறவன் இல்ல. அந்தக் காந்தம் இந்த மேசை மேல கிடந்துச்சு, அப்புறம் காணோம். நான் தேடவும் இல்ல." தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "மச்சான் கை ஆடினதும், திருடின என்னை விட்டுட்டு ஆத்தா அவரைப் பிடிச்சிட்டாளேன்னு இருந்துச்சு. அன்னையிலேர்ந்து தூக்கம் இல்ல."

தாஹிரா வாயைத் திறந்தாள். ஜோக் வரவில்லை.

*

அழகர்சாமியை வரவழைத்து, கண்மலரையும் மோகன்குமாரையும் அவரிடம் ஒப்படைத்தோம். "அப்ப தர்மகர்த்தா கை ஏன் ஆடிச்சு? இவனுக்கு அவரும் கூட்டாளியா?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். "பொழுது சாயறதுக்குள்ள பதில் சொல்றேன். அவரு வீட்டுக்கு வாங்க" என்றேன்.

ஆட்டோவில் உட்கார்ந்து இரண்டு பேரும் அந்தத் துணி முடிச்சையே பார்த்தோம்.

"அவன் பொய் சொல்லலண்ணே" என்றாள் தாஹிரா.

"இல்ல. இருதயம்னு நம்புறவன், கை ஆடணும்னு காந்தம் வைக்க மாட்டான். இது கைக்கான மிஷின்னு தெரிஞ்ச ஆளுதான் வச்சிருக்கணும்."

"அது மூணே பேருண்ணே." சொல்லிவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள். நூல் நுனியை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள். "பூக்கடைக்காரன் வாழை நாருலதான் கட்டுவான். இது நூலு. இறுக்கிச் சுத்திச் சுத்தி, முடிச்சே போடாம விட்டிருக்கு." நூலை ஒரு இழு இழுத்தாள். பொலபொலவென்று அத்தனை சுற்றும் ஒரே மூச்சில் அவிழ்ந்தது. காந்தம் அவள் மடியில் விழுந்தது. துணி பூப்போலச் சுருங்கி நின்றது.

"அண்ணே." அவள் குரல் இறங்கிவிட்டது. "என் நிக்காவுக்குச் சின்னாளபட்டிச் சேலை ஒண்ணு வாங்குனோம். சாயம் ஏறாம இருக்க நூலு சுத்துன முடிச்சோடயே குடுப்பாங்க. இழுத்தா இப்பிடித்தான் அவுறும். இது சுங்குடி கட்டுற கை."

"மணிமேகலைக்குப் பொறந்த ஊரு எதுன்னு ஹரிணிகிட்ட..."

"கேக்கவே வேணாம்ண்ணே. காலையில வர்ற வழியிலயே சொல்லுச்சு, நீங்கதான் தூங்கிட்டு வந்தீங்க. அம்மாவும் மாமாவும் சின்னாளபட்டி. கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா முடிச்சுப் போட்டுத்தான் தம்பியைப் படிக்க வச்சுச்சாம்."

தாஹிரா அன்று முதல்முறையாக ஆட்டோவை மெதுவாக ஓட்டினாள்.

*

கூடத்தில் அதே நாற்காலி, அதே நடுக்கம். நான் அந்தத் துணியையும் நூலையும் காந்தத்தையும் மணிமேகலையின் முன்னால் வைத்தேன். வாசல் நிலையில் அழகர்சாமி.

"கண்மலர் கிடைச்சிருச்சும்மா. உங்க தம்பி ஒத்துக்கிட்டான்" என்றேன்.

மணிமேகலை நூலை எடுத்து, விரலில் சுற்றி, மறுபடி அவிழ்த்தார். மறுக்கவில்லை.

"சோறு கொண்டு போனப்ப கண்மலரை உள்ள வச்சு அவன் பெட்டியை மூடுறதைப் பார்த்தேன், மேசை மேல கிடந்த காந்தத்தை எடுத்துக்கிட்டேன்" என்றார். "அவன் கை சூடத்துல நிக்காது. சின்னப்புள்ளையிலேர்ந்தே பொய் சொன்னா நடுங்கிருவான். இவரு முதல்ல போயி, இவரு கை ஆடிருச்சுன்னா, கூட்டம் கலைஞ்சிரும். இவருக்கு நோயின்னு சொல்லிக்கலாம். ரெண்டு பேரும் தப்பிச்சுக்குவாங்கன்னு நினைச்சேன்."

"நோயின்னு சொன்னியாம்மா நீ?" என்றாள் ஹரிணி.

"இருதயம்னுல்ல ஊருக்குச் சொல்லி வச்சிருக்கு. வாய் வரைக்கும் வந்துச்சு. உன் கல்யாணம் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு."

"அன்னையிலேர்ந்து தினமும் ஊட்டி விட்டியேம்மா." ஹரிணி வாசல் பக்கம் திரும்பினாள். "பெரியப்பா, எங்கப்பாவுக்கு இருதயத்துல ஒண்ணுமில்ல. மூளையில ஆபரேஷன். கை நின்னது அதனாலதான். கூட்டத்துல சொல்லிருங்க. பொண்ணு கேட்டு வராதவன் வராமப் போகட்டும்."

"மண்டைக்குள்ள கரண்டா?" என்றார் அழகர்சாமி. மீசை இரண்டு முனையிலும் தொங்கிவிட்டது.

"அதெல்லாம் இல்ல" என்றார் முத்துக்கிருஷ்ணன். "பேட்டரி போயிருச்சு. யாரும் ஒண்ணும் பண்ணல. மாலையில ஒண்ணும் இல்ல."

"அப்ப ரிமோட்டைக் குடுங்க" என்றேன். "பேட்டரி போயிருந்தா ஒண்ணும் ஆகாது. நான் தோத்துட்டு ஆட்டோ ஏறிடுறேன்."

இடது கையால் மடியைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு எங்கேயோ தளர்ந்து கையை எடுத்தார். ஹரிணி ரிமோட்டை எடுத்து அவர் காரை எலும்புக்குக் கீழே பிடித்தாள். அவள் காட்டிய பொத்தானை நான் கட்டை விரலால் அமுக்கினேன். இதைத்தான் கனெக்‌ஷன் கொடுத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன்.

இரண்டு மூச்சு விடுகிற நேரம். மாவு சலித்துக்கொண்டிருந்த கை மெல்ல மெல்ல அடங்கி, தொடைமேல் கல்லாக அமர்ந்தது. அழகர்சாமி மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். எங்கோ தெருவில் அவருடைய ஆட்டு மணி கேட்டது.

மணிமேகலை பழக்க தோஷத்தில் சோற்றுத் தட்டை எடுத்து அவர் பக்கம் நீட்டினார். முத்துக்கிருஷ்ணன் அந்தத் தட்டைத் தன் கையால் வாங்கினார். ஒரு பருக்கை சிந்தாமல் பக்கத்து ஸ்டூலில் வைத்தார். பிறகுதான் முதல்முறையாக மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"மாலை விழுந்ததும், கோணலா இருக்குன்னு நீ வந்து சரி பண்ணின" என்றார். "உன் விரலு இந்தப் பெட்டி மேல வந்து நின்னுச்சு. நான் சிரிச்சேன். அப்புறம்தான் கை ஆட ஆரம்பிச்சுச்சு."

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அழகர்சாமியோடு கூட்டத்துக்குப் போகத் திரும்பினார். வாசலில் என்னைக் கடக்கும்போது நின்றார்.

"நடந்துச்சு சார்."